கைக்கெட்டும் தூரமும் வானமும்

ஜவ்வாது மலையை அல்ட்ரா வைடு லென்ஸில் எடுத்தால் மலை காணாமல் போய்விடும். நீலகிரியைப் போலவோ பழனி மலையைப் போலவோ ஓங்கி நிற்கும் மலை அல்ல இது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் அகலமாகப் பரந்து கிடக்கிறது. உச்சிகள் பெரும்பாலும் ஆயிரம் மீட்டரைச் சுற்றியே இருக்கும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் கண்ணை நிறைக்கிற மலைவரிசை, 11 மில்லிமீட்டரில் எடுத்த படத்தில் அடிவானத்து நீலக்கோடாக மெலிந்துவிடுகிறது. அதற்கு மேலே வெறும் வானம், கீழே வெறும் தரை.

இதைப் பார்த்ததுமே பலர் அந்த லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். நான் அதை இந்த மலையில்தான் அதிகம் மாட்டியிருக்கிறேன். அல்ட்ரா வைடு லென்ஸுக்கு உரிய இடங்கள் இரண்டுதான் என்பது இங்கே நடந்து நடந்து எனக்குப் பிடிபட்டது. ஒன்று கைக்கெட்டும் தூரம். இன்னொன்று வானம். நடுவில் இருப்பவை, அதாவது எதிர்ச்சரிவு, பக்கத்துக் குன்று, ஏரியின் அக்கரையில் மேயும் மாடு, எல்லாம் வேறு லென்ஸ்களின் பங்கு. ஜவ்வாது மலையில் அந்த இரண்டு இடங்களும் வளமாக இருக்கின்றன.

என் கையில் இருப்பது டோக்கினா 11–16 மில்லிமீட்டர், எஃப் 2.8. 2008-ல் கடைகளுக்கு வந்த லென்ஸ். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் கொண்ட கேமராக்களுக்காகச் செய்யப்பட்டது. ஜூம் என்று சொன்னாலும் ஒன்றரை மடங்குகூட இல்லை. எண்ணைப் பார்த்து இதைக் குறைத்து எடைபோடக் கூடாது. 28 மில்லிமீட்டர் மூலைவிட்டம் கொண்ட அந்தச் சென்சாரில் 11 மில்லிமீட்டர் 104 டிகிரியைப் பார்க்கும். 12-க்குத் திருப்பினால் 99 டிகிரி. 16-க்கு வந்தால் 82. நீள லென்ஸில் 200-க்கும் 201-க்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இங்கே ஒற்றை மில்லிமீட்டர் ஐந்து டிகிரியைக் கொண்டுபோய்விடுகிறது. ஃப்ரேமின் ஓரத்தில் நிற்கும் ஒரு பலாமரம் உள்ளே வருவதும் வெளியே போவதும் வளையத்தின் ஒரு மயிரிழைத் திருப்பலில் இருக்கிறது. அதனால்தான் ஒரே குவியத்தூரம் கொண்ட லென்ஸைவிட இந்தச் சிறிய ஜூமை நான் விரும்புகிறேன். எங்கே நிற்பது என்பதைக் காலால் முடிவுசெய்துவிட்டு, ஓரங்களை மட்டும் வளையத்தால் சீர்செய்துகொள்ளலாம்.

இதன் ஃபோகஸ் வளையத்தை முன்னுக்குத் தள்ளினால் ஆட்டோஃபோகஸ், பின்னுக்கு இழுத்தால் கையால் ஃபோகஸ். பீப்பாயின் மேல் மீட்டர் கணக்கு அச்சிட்டிருக்கிறது. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அந்த எண்கள் இல்லாமல் போய்விட்டன. இந்த வேலைக்கு அவை எவ்வளவு உயிரானவை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட லென்ஸின் முன்கண்ணாடி ஏன் இவ்வளவு பெரிதாகப் புடைத்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1900-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோயெர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஹைப்பர்கான் லென்ஸில் இரண்டே இரண்டு வளைந்த கண்ணாடிகள்தான் இருந்தன. ஏறக்குறைய 135 டிகிரியைக் கோணல் இல்லாமல் காட்டியது. ஆனால் ஓரங்களுக்கு வெளிச்சம் போய்ச் சேராது. அதைச் சமன்செய்ய, லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டி விசிறியைப் பொருத்தி, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றால் சுழற்றினார்கள். விசிறி நடுப்பகுதியின் வெளிச்சத்தைக் குறைக்க, ஓரம் நிதானமாகத் தேறும். அந்த எளிய அமைப்பை எஸ்எல்ஆர் கேமராவுக்குள் கொண்டுவர முடியவில்லை. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஆடி ஒன்று எழுந்து விழ வேண்டும். நிக்கான் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் 46.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 11 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட லென்ஸ் அவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு பிம்பத்தை விழவைக்க வேண்டும். 1950-ல் பிரான்சின் பியர் ஆஞ்செனியூ இதற்கு வழி காட்டினார்: முன்னால் ஒளியை விரிக்கும் கண்ணாடிகள், பின்னால் குவிக்கும் கண்ணாடிகள். இன்று நம் பையில் கனக்கிற அகன்ற லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு அந்தத் தூரம் குறைந்தது, எடையும் குறைந்தது. நிக்கானின் 14–24 எஃப் 2.8 லென்ஸ் 2007-ல் வந்தபோது ஏறத்தாழ ஒரு கிலோ. அதே அளவில் 2020-ல் புதிய கேமராக்களுக்கு வந்தது 650 கிராம். மலையேறுகிற தோளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இனி கைக்கெட்டும் தூரத்துக்கு வருகிறேன்.

ஜவ்வாது மலையின் பயிர் என்றால் சாமைதான். விளைந்த சாமைக் கதிர் மெல்லியது, தலை கவிழ்ந்து காற்றில் ஓயாமல் அசையும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் வயல் வெறும் பழுப்புப் பாயாகத் தெரியும். முழங்காலிட்டு, கதிரின் மட்டத்துக்கு லென்ஸை இறக்கி, ஒரு முழத்துக்குள் போக வேண்டும். அப்போது ஒரு கதிர் ஃப்ரேமின் பாதி உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அதன் பின்னே வயல், வரப்பு, அறுக்கிற பெண்கள், குன்று, மேகம் எல்லாம் தம் தம் அளவில் அடுக்காக விழும். இங்கே நிகழ்வது தூரத்தின் விகிதம் மட்டுமே. கதிர் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. 80-க்குப் பின்வாங்கினால் அது பாதியாகச் சிறுத்துவிடும், ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் குன்று இம்மியும் மாறாது. ஆகவே அகன்ற லென்ஸில் படத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது முதல் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டருக்குள் முழங்கை அளவு முன்னே போவதும் பின்னே வருவதும், ஒரு செங்கல் உயரம் ஏறுவதும் இறங்குவதும் முழுப் படத்தையும் மாற்றிவிடும். குனியவும் மண்டியிடவும் மனமில்லாதவருக்கு இந்த லென்ஸ் பலன் தராது.

பீப்பாயில் உள்ள மீட்டர் கணக்கு உதவுவது இங்கேதான். 11 மில்லிமீட்டரில், எஃப் 8-ல், ஃபோகஸை 77 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 38 சென்டிமீட்டரிலிருந்து கண்காணாத தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். கதிரும் தெளிவு, குன்றும் தெளிவு. ஆட்டோஃபோகஸிடம் விட்டால் அது கதிரையோ குன்றையோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். பெரிதாக அச்சிடப் போகும் படமென்றால் எஃப் 11 வைக்கிறேன். எஃப் 16-க்குப் போவதில்லை. அந்தச் சிறிய துளையில் ஒளி சிதறி, ஏபிஎஸ்-சி சென்சாரில் கூர்மை மழுங்கத் தொடங்கும்.

பின்னால் போக இடமே இல்லாத இடங்களும் இந்த லென்ஸுக்கு உரியவைதான். கீழ்செப்பிளி ஊருக்கருகே பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்து எழுப்பியவை. வெளியே நின்று எடுத்தால் கல்லும் புதரும் கலந்து கிடக்கும். வாசலருகே தரையோடு தரையாகக் குனிந்து, மூடுகல்லின் அடிப்பக்கம் ஃப்ரேமின் மேல்பாதி முழுவதும் வரும்படி எடுக்கும்போதுதான் அந்தக் கல்லின் கனம் தெரிகிறது. இதைத் தூக்கி வைத்த கைகளைப் பற்றிய எண்ணம் பார்க்கிறவருக்குள் எழுகிறது. கல்லின் மேல் ஏறுவதில்லை, சாய்வதில்லை, புதரைப் பிடுங்குவதில்லை என்று ஒரு விரதமாகவே வைத்திருக்கிறேன். கையகலத் தூரம் வரை போக விடுகிற லென்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு கூடுதலாகவே வேண்டும்.

மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பழைய மண்வீடுகளும் அப்படியே. தாழ்ந்த கூரை, ஓர் அடுப்பு, ஒரு குதிர், சுவரில் சாத்திய மண்வெட்டி. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு 11-ல் எடுத்தால் அந்த வீட்டின் முழு ஒழுங்கும் ஒரே படத்தில் வந்துவிடும். "பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்காமல் இந்த லென்ஸைத் தூக்க முடியாது. நீள லென்ஸ் வைத்திருப்பவர் சாலையோரத்தில் நின்றே முகத்தைப் பறித்துக்கொண்டு போய்விடலாம். இதை வைத்திருப்பவர் திண்ணையில் உட்கார்ந்து, களி சாப்பிட்டு, மழை பெய்ததா, தேன் எடுத்தார்களா என்று பேசி, அந்த வீட்டுக்குள் ஓர் இடம் கிடைத்த பிறகுதான் எடுக்க முடியும். இந்த லென்ஸின் மேல் நான் வைத்திருக்கும் மதிப்பில் பாதி இதனால் வந்தது.

அந்த இடத்தில் முகங்களுக்குச் செய்ய வேண்டிய நியாயம் ஒன்று உண்டு. நேர்க்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ் எதுவானாலும் ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கமாக இழுக்கும். இது லென்ஸின் பழுதல்ல, வடிவியலின் விதி. 104 டிகிரிப் படத்தின் மூலையில் ஒரு முகம் இருந்தால், அது ஒரு திசையில் மற்றத் திசையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு நீண்டுவிடும். ஒரு மூதாட்டியின் முகத்தை அப்படிக் கோணலாக்க நமக்கு உரிமை இல்லை. ஆட்களை நடுப்பகுதியில் வைக்கிறேன். ஓரங்களுக்குச் சுவர், தரை, மரம் என்று நீண்டாலும் குறையில்லாத பொருள்களைக் கொடுக்கிறேன். கூட்டமாக நிற்பவர்களை எடுப்பதென்றால் 16-க்கு வந்துவிடுகிறேன்.

எங்கே இதை எடுக்கக் கூடாது என்பதும் இந்த மலையிலும் அடிவாரத்திலும் தெளிவாகப் புரிகிறது. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. நடுகல்லில் வீரனின் உருவமும் எழுத்தும் தட்டையான பரப்பில் இருக்கின்றன. அகன்ற லென்ஸை அருகே கொண்டுபோனால், அது சற்றே சாய்ந்தாலும் வில்லும் வாளும் வீங்கும், எழுத்து கோணும், படிப்பவருக்குப் பயன்படாது. அங்கே 50 மில்லிமீட்டர் லென்ஸும், பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெயிலும்தான் வேண்டும். பீமன் அருவியிலும் அப்படித்தான்: தூரத்தில் நின்று 11-ல் எடுத்த அருவி ஒரு வெள்ளை நூல். காலடியில் நீர் சுழலும் பாறையை முன்னிறுத்தினால் மட்டுமே அந்த இடம் படமாகும்.

காட்டுக்குள் மரங்களை எடுக்கும்போது கேமராவை மேலே தூக்கினால் தண்டுகள் எல்லாம் உள்நோக்கிச் சாயும். மரத்தடியில் படுத்து முழுதாக வானத்தை நோக்கினால் அந்தச் சாய்வே அழகு. பாதி தூக்கிப் பிடித்தால் அது குழப்பம். நேராக நிற்கும் மரம் வேண்டுமானால் கேமராவைச் செங்குத்துச் சட்டமாகத் திருப்பி, நீர்மட்டம் பிசகாமல் வைத்து, கீழே வரும் உபரித் தரையைப் பிறகு வெட்டிவிடுகிறேன். போலரைசர் ஃபில்டரை இந்த லென்ஸில் போடுவதில்லை. வானத்தின் நீலம் சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளித்தான் அடர்த்தியாகும். 104 டிகிரி வானத்தில் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாக விழும். சூரியன் ஃப்ரேமுக்குள் வராமல் இருப்பதும் இவ்வளவு அகலத்தில் அரிது. வரும்போது ஒரு கிளைக்கோ பாறை விளிம்புக்கோ பின்னால் பாதி மறைத்து வைத்தால் ஒளிச்சிதறல் அடங்கும்.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த வட்டாரத்து நூல். அதில் வரும் மன்னன் நன்னனின் ஊரைச் செங்கம் என்றும், நவிர மலையைப் பர்வத மலை என்றும், சேயாற்றை ஜவ்வாது மலையில் பிறக்கும் இன்றைய செய்யாறு என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். வழி சொல்லும் அந்தப் புலவர் மலையின் பெருமையோடு நின்றுவிடவில்லை. வழுக்கும் பாறை, பாம்பு உறையும் குழி, விலங்குக்கு வைத்த பொறி என்று காலடியில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதே மூச்சில் மலை முழுவதும் எழும் ஓசையைச் சொல்கிறார். காலடியையும் முழு மலையையும் ஒரே பார்வையில் வைப்பது எப்படி என்று கேட்கும் புகைப்படக்காரருக்கு அதைவிடப் பழைய பாடம் நம் மொழியில் எனக்குத் தெரிந்து இல்லை.

இருட்டிய பிறகு இந்த லென்ஸின் இரண்டாவது இடம் திறக்கிறது.

ஆலங்காயத்திலிருந்து ஏறினால் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைனு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977-ல் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. பெங்களூரில் தேய்த்து மெருகேற்றிய 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கிக்கு, 1982-ல் மறைந்த வானியலாளர் வைனு பாப்புவின் பெயர் 1986 ஜனவரி 6 அன்று சூட்டப்பட்டது. ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரி வட அட்சத்தில் இருப்பது காவலூரின் பெரும் வசதி. துருவ நட்சத்திரம் வடக்கில் பன்னிரண்டரை டிகிரி உயரத்தில் தாழ்ந்து நிற்கும். தெற்கில் தென்சிலுவை 17 டிகிரி உயரம் வரை ஏறும். வானத்தின் இரண்டு பாதிகளும் இங்கிருந்து எட்டும்.

வானியலாளருக்கு உதவும் அந்த அட்சம் எனக்கும் உதவுகிறது. 11 மில்லிமீட்டரில் செங்குத்துச் சட்டம் 94 டிகிரி உயரத்தைப் பார்க்கும்: காலடிப் பாறையில் தொடங்கி, தென்சிலுவை வழியாக, ஏறத்தாழ உச்சி வரை ஒரே படம். மார்ச் கடைசியில் நள்ளிரவை ஒட்டித் தென்சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். விடியலுக்கு முன் பால்வீதியின் மையம் தெற்கே நன்றாக உயர்ந்துவிடும். பருவமழை மேகம் இல்லாத ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் இந்த மலையில் நட்சத்திர வேலைக்குத் தோதான காலம்.

11 மில்லிமீட்டரில் எஃப் 2.8 என்றால் ஒளி நுழையும் துளை நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. இருட்டுக்குப் பழகிய மனிதக் கண்மணி அதைவிடப் பெரிதாக விரியும். ஆனாலும் கண் பார்க்காத நட்சத்திரங்கள் படத்தில் வருகின்றன என்றால், கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மேல் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை, சென்சார் 20 நொடி சேர்க்கிறது என்பதுதான் காரணம். அதற்கு மேல் நீட்டினால் பூமியின் சுழற்சியால் நட்சத்திரம் கோடாகத் தொடங்கும். காவலூரின் பெரிய ஆடி முதன்மைக் குவியத்தில் எஃப் 3.25; எண்ணை மட்டும் பார்த்தால் என் லென்ஸ் சற்று வேகமானது. ஆனால் ஒற்றை நட்சத்திரத்திலிருந்து அந்த ஆடி அள்ளும் ஒளி என் லென்ஸ் அள்ளுவதைப் போல மூன்றரை லட்சம் மடங்கு. அது ஒரு புள்ளியின் ஆழத்துக்குப் போகிறது. இது அந்தப் புள்ளி எந்த மலைக்கு மேல், எந்த மரத்துக்குப் பின்னால் இருந்தது என்று சொல்கிறது.

அகலப் பார்வை வானியலிலும் சிறிய வேலை அல்ல. பாப்பு மாணவராக ஹார்வர்டில் இருந்தபோது, 1949-ல், தாம் எடுத்த புகைப்படத் தட்டில் ஒரு வால்மீனைக் கண்டார். அது பாப்பு–பாக்–நியூகர்க் என்று பெயர் பெற்றது. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு உதவியது அகன்ற வான்பரப்பை ஒரே தட்டில் பதியும் ஷ்மிட் வகைத் தொலைநோக்கி. அந்தச் சிறுகோள் இன்று 4130 ராமானுஜன். எங்கே இருக்கிறது என்று தெரியாததைத் தேட அகலம் வேண்டும்.

காவலூர்ப் பக்கம் இரவில் போகிறவர்கள் வெளிச்சத்தில் கவனமாக இருக்க வேண்டும். வண்டியின் முகப்பு விளக்கும் கையில் அடிக்கும் டார்ச்சும் ஆய்வாளர்களின் இரவைக் கெடுக்கும். நான் வானாய்வகத்திலிருந்து நன்றாகத் தள்ளி, குன்றின் மறுபக்கம் நிற்கிறேன். சிவப்புத் தாள் ஒட்டிய சிறு விளக்குக்கு மேல் எதையும் எரிப்பதில்லை. ஃபோகஸைப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் மேல், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் வைக்கிறேன். அதன்பின் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் இருட்டில் கை பட்டு நகராது. பனிக்காலத்தில் புடைத்த முன்கண்ணாடியில் ஈரம் படியும். உலர்ந்த துணியால் லென்ஸைச் சுற்றி, படங்களுக்கு நடுவே மூடியைப் போட்டு வைப்பேன். கீழ்வானத்தில் சமவெளி ஊர்களின் வெளிச்சம் மஞ்சள் பூத்திருக்கும். அதை அழிப்பதில்லை. இந்த மலையின் இருட்டு எவ்வளவு காக்கப்பட வேண்டியது என்பதற்கு அந்த மஞ்சளே சாட்சி.

புதிதாக இந்த வகை லென்ஸ் வாங்குகிறவர்கள் எந்த நிறுவனம், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். பழைய டோக்கினாவே போதும். கேனான் 10–18, நிக்கான் 10–20 போன்ற இலேசான லென்ஸ்களும் பகல் வேலைக்குத் தாராளம். நட்சத்திரம் வேண்டுமானால் மட்டும் எஃப் 2.8-ஐத் தேடுங்கள். வாங்கிய பிறகு ஓர் ஒழுக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு படத்துக்கு முன்னும், ஒரு மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது இருந்தால் மண்டியிட்டு அதனருகே போங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நட்சத்திரம் வரும்வரை காத்திருங்கள். இரண்டுக்கும் பொறுமை இருந்தால், ஓங்கி நிற்காத இந்த மலை வேறெந்த மலையையும்விட அதிகமாகக் கொடுக்கும்.